பத்து அறைக்கு ஒரு திறப்பு

சுனாமி வீடுகளுக்குச் சீமெந்து குழைத்த கையோடு உதுமாலெவ்வை கல்முனையில் நஸீறாவின் நெட்கபேக்கு வந்து நின்றார். ரியாத்தில் வீட்டுவேலை செய்யும் மனைவி சுபைறாவிடமிருந்து பன்னிரண்டு நாளாகத் தகவலில்லை. அடிபடும் பணிப்பெண்களுக்கு உதவும் சங்கமொன்றின் இணையப் பக்கத்தில்தான் அவள் ஒளித்து எழுதுவாள். அதை வாசிக்கவென்றே சுனாமி அகதி முகாமில் இருந்தபோது, நாற்பத்தாறு வயதில், எழுத்துக் கூட்டப் பழகியிருந்தார்.

அன்று பக்கம் திறக்கவில்லை. புதிதாகப் போட்ட பிரவுசர் அந்தப் பக்கத்தின் பழைய பூட்டை ஏற்காது என்றாள் நஸீறா. எழுத்து வயரில் போகும்போது பிறர் வாசிக்காமல் மறைக்கிற பூட்டு அது. அதன் ஓட்டைகள் வெளியே தெரிந்து வருடங்களாயிற்று. இடையில் இருப்பவன் இரண்டு முனையையும் ஏமாற்றி, ஆக மெலிந்த பூட்டுக்குச் சம்மதிக்க வைத்துவிடுவான். பார்க்கிறவருக்குப் பூட்டுப் படம் அப்படியே தெரியும். அதனால்தான் பிரவுசரைச் செய்தவர்களே அந்தப் பூட்டுக்கான வழியை மூடி அனுப்புகிறார்கள். திறக்க வழியுண்டு, ஆனால் தான் திறக்கமாட்டேன் என்றாள்.

முகாமில் நிவாரணமாக வந்த பூட்டுகள் அவர் நினைவுக்கு வந்தன. பத்து அறைக்கும் ஒரே திறப்பு. தன்னுடையதைத் தொலைத்தவர் பக்கத்து அறையில் வாங்கித் திறப்பார்.

“ஒரு கறிச்சட்டி களவு போகல்ல, மகள். துறங்க.”

“அது நம்மட ஆக்கள், மாமா. இந்த வயர்ல ஆரார் இரிக்காங்க எண்டு எனக்கே தெரியா.”

அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் அவள் பிரவுசரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டாள்; பக்கம் திறந்தது.

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் குசினிப் பின்கேற்றால் வெளியேறி எம்பசிக்குப் போகப் போவதாக சுபைறா எழுதியிருந்தாள். விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தார். போகச் சொல்லி நஸீறாவைக் கொண்டு எழுதுவித்தார். சுபைறாவை ரியாத்துக்கு அனுப்பிய ஏஜென்ட் றிப்தி, மூலையில் தன் லெப்டொப்பை அதே வயரில் கொழுவியிருந்தான். சலாம்கூடச் சொன்னான்.

சனிக்கிழமை தேத்தண்ணிக் கடையில் றிப்தி அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

“குசினிப் பின்கேற்ற வெல்டிங் வெச்சி ஒட்டிட்டாங்களாம், காக்கா.”

அந்தக் கேற்றைப் பற்றி உதுமாலெவ்வை ஒருவரிடமும் வாய் திறந்திருக்கவில்லை.

சுபைறாவிடமிருந்து பிறகு எழுத்து வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு நஸீறாவிடம் போய், பிரவுசரில் திறந்த அந்த வழியை மூடச் சொன்னார். அன்றைக்கே மூடிவிட்டேன் என்றாள்.

“அப்ப துறக்கிற வழிய என்னத்துக்கு வெச்சாங்க?”

“கேக்கிற ஆக்கள் இரிக்காங்கதானே, மாமா.”

அன்று பின்னேரம் வீட்டுக் கதவில் தொங்கிய முகாம் பூட்டைக் கழற்றினார். மாற்றிப் போட வேறு பூட்டு இருக்கவில்லை.