நயினாதீவுக்கு ஒரு குறூசர்

பாரமான குறூசர் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குவதா விடுவதா என்று கோபிசங்கர் ஒரு மாதமாக யோசிக்கிறான். யோசனை மட்டுந்தான் அவனுடையது, காசு கனடாவிலிருக்கும் தமையனுடையது. போனில் அதன் படத்தை அவன் காட்டாத ஆள் நயினாதீவில் மிச்சமில்லை.

மூன்றாம் கியருக்கு மாற்றுவதற்குள் கடல் வந்துவிடும் தீவு இது. இங்கே அந்த எருமையை எங்கே ஓட்டப்போகிறான்? அம்மன் கோயில் வாசலில் நிறுத்திப் படம் எடுப்பான், வேறென்ன.

நேற்று குறிகட்டுவான் துறையில் தீவுக்கு வரும் படகுக்கு நின்ற என்னிடமும் வந்தான். அங்கே யாருடைய மோட்டார் சைக்கிள் என்றாலும், நிற்கிறவர்கள் சேர்ந்துதான் படகில் தூக்கி ஏற்றுவோம். முன்பொருநாள் இவனுடைய ஸ்கூட்டியை அப்படித் தூக்கியபோது, போட்டிருந்த சேட்டில் எஞ்சின் ஒயில் பட்டதென்று பாதியில் கையை விட்டவன் இவன். ஸ்கூட்டியையும் பிடித்து, கடலில் விழப்போன இவனையும் பிடித்தோம்.

“அண்ணை, இதைப் படகில ஏத்த எத்தினை பேர் வேணும்?” என்று கேட்டான்.

“ஆறு பேர் காணும்,” என்றேன். “நீரும் ஒரு கை பிடிக்கிறதெண்டால், உம்மைப் பிடிக்க இன்னும் ரெண்டு பேர் வேணும்.”