எலிவாலுக்கு மாத்திரை

சாண்டோ டொமிங்கோவில் நான் நடத்தும் சலூனுக்கு எனெரோலிசா வாராவாரம் வருவாள். தலையில் இருப்பது எலிவால்; ஆசையோ குதிரைவாலுக்கு. வெங்காய ஷாம்பு, நிஜக் குதிரைக்குப் போடும் ஷாம்பு என்று ஒன்றையும் விடவில்லை.

“மெல்லிசு முடிக்கு கண்டதெல்லாம் எதுக்குடி? லேசான ஷாம்பு போதும்,” என்றேன்.

“உனக்கென்ன தெரியும்? நான் போடுற கருத்தடை மாத்திரையைப் பொடிச்சு ஷாம்புல கலந்துட்டேன். முடி இடுப்பு வரைக்கும் வருமாம், எதிர்வீட்டுக்காரி சொன்னா!”

அதன்பின் நாலு மாதம் ஆளையே காணோம்; பிறகு ஒருநாள் வந்தாள். முடி சுருட்டும் ரோலரில் சுற்றினால் அதே எலிவால் வழுக்கிக்கொண்டு வந்தது. வயிறு மட்டும் நன்றாக மேடிட்டிருந்தது.

“எல்லாத்தையும் தலைக்கே தேச்சிட்டியே, வாய்க்கு ஒண்ணுகூடவா மிச்சம் வைக்கல?” என்றேன்.