கழற்றி வைத்த கண்ணிகள்

வாட்சின் தோல் பட்டையை மாற்றி ஸ்டீல் செயின் போட்ட நாளிலிருந்து, அச்சகத்தில் பிழை திருத்துபவர் தினமும் மாலை ஐந்து மணிக்கு இல்லாமல் போய் ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். பட்டையை மாற்றச் சொன்னது மனைவிதான். பல வருட வியர்வையைக் குடித்த அந்தத் தோல், அவர் கையை அசைக்கும்போதெல்லாம் காயாத துணி மாதிரி நாறியது. புதுச் செயின் அவருடைய ஒல்லிக் கைக்குப் பெரிதாக இருந்ததால், வாட்ச் கடைக்காரர் இரண்டு கண்ணிகளைக் கழற்றிச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். “பத்திரமா வெச்சுக்குங்க, கை குண்டானா தேவைப்படும்” என்றார். ஒரு கண்ணிக்கு ஒரு மணி நேரம் குறையும் என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போனவருக்குப் போனதே தெரியாது. வீட்டுக்கு வந்து ஒரு ஷூவைக் கழற்றுவார். அடுத்ததைக் கழற்றுவதற்குள் மணி ஏழாகியிருக்கும். “டீ ஏன் இப்படி ஆறிக் கிடக்கு?” என்று கத்துவார். அச்சகத்தில் அவர் எழுத்துப் பிழைகளைத்தான் பார்த்தார், வீட்டில் மிச்சம் எல்லாவற்றையும் பார்த்தார். அவள் துணி மடிப்பது தப்பு, கதவைச் சாத்துவது தப்பு, சொல்லும் கதையில் வருகிற கிழமை தப்பு. ஆகவே முதல் வாரம் அழுது தீர்த்தவளுக்கு, போகப்போக அந்த இரண்டு மணி நேரம் ரொம்பவே பிடித்துப்போனது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, தங்கைக்குப் போன் போட்டு, கிழமையெல்லாம் தாறுமாறாகக் கதை சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

விஷயம் புரிந்ததும் அவர் கண்ணிகளைக் கேட்டார். “எங்க வெச்சேன்னே ஞாபகம் இல்லைங்க” என்றாள். அவை ஊசிப் பெட்டியின் அடியில் இருந்தன. பழைய பட்டை எப்போதோ குப்பையோடு போய்விட்டது. ஆத்திரத்தில் ஒருமுறை வாட்சையே கழற்றி மேஜைமேல் வைத்தார். வைத்த கையோடு ஆளும் மறைந்தார். அவள் அந்த வாட்சிடம் கெஞ்சி, அழுது, கடைசியில் திட்டவும் செய்த பிறகு, மூன்றாம் நாள் அவர் அதைக் கையில் கட்டியபடி சமையலறையில் வந்து நின்றார். அதற்கப்புறம் வாட்சைக் கழற்றும் துணிச்சல் அவருக்கு வரவில்லை.

வயதானால் மற்றவர்களுக்குத் தொப்பை போடும். அவருக்குக் கை மெலிந்தது. வாட்ச் நழுவ ஆரம்பித்தது. நழுவி விழுந்தால் ஆளே இல்லை, இறுக்கினால் இன்னும் ஒரு மணி நேரம் இல்லை. கடைக்காரர் ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிக்கொண்டே வந்தார், அவள் அவற்றையும் ஊசிப் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தாள். ஓய்வு பெற்ற சில வருடங்களில், பல் தேய்த்து, பேப்பரில் ஒன்றிரண்டு பிழைகளைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவதற்குள் அவர் போய்விடுவார். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மட்டும் இனிமேல் காலையிலேயே வரச் சொன்னார். மனைவிக்குத்தான் பகல் நீண்டுகொண்டே போனது. குறைக்கச் சொல்ல ஆளில்லாததால் ரேடியோ வைப்பதில்கூட சுவாரஸ்யம் இல்லை. அவளுக்கு அவர் வேண்டும், சண்டை போடவாவது வேண்டும்.

ஒரு நாள் காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு போய், ஊசிப் பெட்டியைக் கடை மேஜைமேல் கவிழ்த்தாள்.

“எல்லாத்தையும் கோத்துடுங்க.”

“கழண்டு விழுந்துடுமேம்மா” என்றார் கடைக்காரர்.

“விழாம நாங்க பார்த்துக்கறோம்.”

கண்ணிகளோடு அந்தப் பழைய பிளாஸ்டிக் கவரும் வந்து விழுந்தது. உள்ளே இரண்டு கண்ணிகள், புதுக் கருக்கு அழியாமல் இருந்தன. அவர் கவரைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். வாழ்நாளில் கண்ணில் பட்ட தப்புகளில் அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

இப்போது அவர் ஐந்து மணிக்கும் இருக்கிறார். கையைத் தொங்கவிட்டால் வாட்ச் விழுந்துவிடும் என்பதால், ஜன்னலோரம் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருக்கிறார். வாட்ச் இறங்கி முழங்கையில் நிற்கிறது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரை ஜாஸ்தி” என்கிறார். “ஆமா, ஜாஸ்திதான்” என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு கரண்டி போடுகிறாள். தெருவில் போகிறவர்கள் தங்களுக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து, பதிலுக்குக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர் தூங்கும்போது அந்தக் கையை அவள் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.