கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

நான் போனபோது அண்ணி கூடத்துத் தரையில் உட்கார்ந்து, அண்ணனின் சட்டைக் காலர்களில் கறுப்பு மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். காப்பகத்தில் எல்லோருடைய துணியையும் ஒன்றாகப் போட்டுத்தான் துவைப்பார்களாம். பெயர் இல்லாவிட்டால் யார் சட்டை யார் உடம்பில் ஏறும் என்று சொல்ல முடியாதாம். பனியன், துண்டு, காலுறை எல்லாம் முடிந்து கடைசிச் சட்டைக்கு வந்திருந்தாள். தன் பெயரே தெரியாத மனிதனுக்குக் காலரில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று முணுமுணுத்தேன். துவைக்கிறவனுக்குத் தெரிந்தால் போதும் என்றாள் அண்ணி, நிமிராமலே. அவளுக்கு நாக்கு எப்போதும் ஒரு முழம் நீளம். அவள் மணிக்கட்டில் கன்றிப்போன தடம் இருந்தது. போன வாரம் அண்ணன் அவளைத் திருடி என்று நினைத்து முறுக்கியது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவனுக்கு வந்த மறதி நோய், அவனை வீட்டில் இருக்கவிடவில்லை. அடுப்பைத் திறந்துவிட்டு மறந்தான். கதவைத் திறந்துகொண்டு நடந்தான். ஒருநாள் டிப்போவில் யாரோ நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸின் டிரைவர் இருக்கையில் கிடைத்தான். அண்ணி தூங்கிப் பல மாதம் ஆகிறது. ஆனாலும் அவனைக் காப்பகத்துக்கு அனுப்பக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒற்றைக்காலில் நிற்பது சுலபம். போனில் பேசிப் பேசிச் சலித்துப்போய் அண்ணிதான் கடைசியில் ஒன்று சொன்னாள்: "ஒரே ஒரு தடவை அவர் உன்னை யாருன்னு சொல்லட்டும். கட்டின பையை நானே பிரிச்சு வச்சுடுறேன்." அதற்காகத்தான் நான் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, அரை நாள் லீவில், பரணிலிருந்து எடுத்த அட்டைப்பெட்டியோடு வந்திருந்தேன். சாயங்காலம் காப்பகத்து வண்டி வந்துவிடும்.

பெட்டியில் இருந்தது ஒரு சிவப்புத் தீயணைப்பு வண்டி. கப்பலில் வேலை பார்த்த எங்கள் மாமா வரும்போதெல்லாம் ஒரு பொம்மை கொண்டுவருவார். அம்மா அதை வாங்கி நேராகக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். பெட்டியைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் பழசாகிவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களை விட்டுவிட்டு அலமாரியைத்தான் நலம் விசாரிப்பார்கள். தாளம் தட்டுகிற குரங்கு ஒன்று இருந்தது, தட்டிக் கேட்டதில்லை. படுக்கவைத்தால் கண்ணை மூடும் என்று ஒரு பொம்மை இருந்தது. வந்த நாளிலிருந்து நின்றுகொண்டே இருந்ததால் அது ஒரு பொழுதும் தூங்கவில்லை, பாவம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எங்களுக்குக் கைக்கே எட்டவில்லை.

அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு பேரும் அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கண்ணாடியில் விரல் தடம் விழுந்தால் அம்மா பின்னிவிடுவாள் என்பதால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். குரங்கு எப்படியும் தீ வைத்துவிடும். எரிவது எப்போதும் பள்ளிக்கூடம். மாடியில் மாட்டிக்கொள்பவர் எப்போதும் கணக்கு வாத்தியார். தீயணைப்பு வண்டி ஏணியை நீட்டும், ஏணி எட்டாது. அவரைக் காப்பாற்றலாமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் சண்டை வரும். உலகத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பொம்மைகள் அவை. ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.

அண்ணன் உள்ளறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது பாதத்தால் தரையை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தான். எந்த நிறுத்தத்திலோ யாரையோ ஏற்றிக்கொண்டிருக்கிறான். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து வண்டியை அதன் சொந்தப் பெட்டியோடு எடுத்து வைத்தேன். முன்பக்கத்துக் கண்ணாடித்தாள் மஞ்சளித்திருந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்தான். பாதம் நின்றது. அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

"மணி அடிச்சாச்சு," என்றான். "பள்ளிக்கூடத்துல நெருப்பு."

என் முறை. "கணக்கு வாத்தியார் மாடியில மாட்டிக்கிட்டார்," என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அண்ணி மார்க்கரோடு அறை வாசலுக்கு வந்து நின்றாள். ஏணி எட்டவில்லை என்றான் அவன். எட்டாவிட்டால் குதிக்கச் சொல்லு என்றேன் நான். குதித்தால் மூக்குக் கண்ணாடி உடைந்துவிடும் என்றான். பையைப் பிரித்தாகிவிட்டது, துணிகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன என்றே என் மனசு அடித்துச் சொன்னது. அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பி, முகத்தைக் கூர்ந்து பார்த்தான்.

"எங்க விளையாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் வாழ்நாளில் அண்ணன் என்னை 'நீங்கள்' என்று சொன்னதில்லை.

"அண்ணா, நான்தான் சுண்டு."

அவன் என் நரைத்த தலையைப் பார்த்தான். சங்கடப்பட்டான். பெரியவர்களை முகத்துக்கு நேரே பொய் என்று சொல்லக்கூடாது என்கிற பையனின் சங்கடம் அது. சுண்டு இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லை என்றும், அவள் இவ்வளவு உயரம்தான் இருப்பாள் என்றும் பணிவாகச் சொல்லி, முதுகிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் இடுப்பளவுக்குக் காட்டினான்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வண்டியைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், ஆசை தீரத் தொட்டுப் பார்த்தால் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும் என்று எனக்குப் புத்தி போயிற்று. கண்ணாடித்தாளில் விரலை விட்டுக் கிழித்தேன். அது காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. உள்ளே ஏணி ஏணியே இல்லை, வண்டியோடு ஒட்டி வார்த்தது. சக்கரமும் சுற்றாது. பார்ப்பதற்கென்றே செய்த பொம்மை. அண்ணன் பாய்ந்து இரண்டு கைகளாலும் பெட்டியை மூடிக்கொண்டான்.

"அம்மா கேட்டா நான்தான் கிழிச்சேன்னு சொல்லிடுங்க," என்றான். "சுண்டுன்னு சொல்லிடாதீங்க. அவ அடி தாங்க மாட்டா."

பந்தயத்தில் யார் தோற்றார்கள் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அண்ணி மார்க்கரை மூடிவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உனக்காவது அவருக்குள்ள ஒரு இடம் இருக்கு," என்றாள். "நான் எங்கயும் இல்லை." உண்மையைத்தானே சொன்னாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் காப்பகத்து வண்டி வந்தது. சீருடை போட்ட இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். சுண்டு வராமல் எங்கும் வரமாட்டேன், அவள் வந்து ஆளில்லாத வீட்டைப் பார்த்தால் பயந்துவிடுவாள் என்றான். முதலில் நயமாகப் பேசினார்கள். யார் அந்தச் சுண்டு, கூப்பிடுங்களேன் என்று ஒருவர் எங்களைக் கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தாள். மற்றவர் அண்ணனின் கைவிரல்களைச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். அண்ணன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை.

"சுண்டு அப்பவே வண்டியில ஏறி உட்கார்ந்துட்டா," என்றேன். "உன்னைத்தான் தேடுறா."

விரல்கள் தாமாக விட்டன. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று என்னைக் கடிந்துகொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, யாரும் பிடிக்காமலேயே வாசலுக்கு ஓடினான். அண்ணி பையோடு பின்னால் போனாள். நான் ஜன்னலோரமே நின்றுவிட்டேன். போனால் என் முகத்தைத்தான் பார்ப்பான்.

வண்டிக்குள் அவன் ஜன்னலோரத்து இருக்கையை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தான். சீருடைக்காரர் ஜன்னல் பக்கம் தாண்டிப்போக முயன்றார். அண்ணன் தலையை ஆட்டி, காலி இருக்கையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான். அவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி தெருமுனையில் திரும்பியபோதும் அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.