வழிக்கு வராத எமில்

அந்தக் குளிர்காலத்தில் ஜோர்ஜெட் லவாயின் பிடியில் சிக்காமல் தப்பியவர்கள் ஊரில் குறைவு. அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ஷையர் மாநிலத்தில் வரும் செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. செனட்டர் காரிகனுக்காக அவள் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தொலைபேசியில் தொண்டை கட்டும்வரை பேசினாள். அவர் பிரசாரத்துக்கு ஊர்ப் பொறுப்பாளர் என்ற பட்டம் சும்மா கிடைத்ததில்லை. அவளிடம் மசியாத ஒரே மனிதர் அவள் வீட்டுச் சமையலறையிலேயே காபி குடித்துக்கொண்டிருந்தார். அவள் கணவர் எமில்.

எப்போது கேட்டாலும் எமில் இன்னும் முடிவு செய்யவில்லை என்பார். இரவுச் சாப்பாட்டின்போது ஜோர்ஜெட் மருத்துவச் செலவில் ஆரம்பித்து, வரிக்குள் புகுந்து, வெளிநாட்டு விவகாரம்வரை போய்த் திரும்புவாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குறுக்கே ஒரு கேள்வி போடுவார். அதற்குப் பதில் தேடுவதிலேயே அவளுக்கு மறுநாள் காலை போய்விடும். மனிதர் பிளம்பராக வேலை பார்த்தவர். எங்கே ஒழுகும் என்று தெரியாதா?

பிரசார அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் டோரீன் இதை விடுவாளா? அவளுக்கு அந்தப் பொறுப்பின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். எல்லார் முன்னாலும் வாரினாள்.

"ஊரையே வளைச்சுட்ட. வீட்டுல இருக்கற ஒரு மனுஷன வளைக்க முடியலையே, ஜோர்ஜெட்."

ஜோர்ஜெட்டுக்குச் சுருக்கென்றது. செனட்டர் பேச வரும் சனிக்கிழமை கூட்டம் முடிவதற்குள் எமிலைக் காரிகன் பக்கம் கொண்டுவருவேன், இல்லாவிட்டால் பொறுப்பை நீயே எடுத்துக்கொள் என்று வாயை விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. வாசலில் ஒரு பிரசாரப் பெண் எமிலைப் பார்த்தாள். கட்டம்போட்ட கம்பளிச் சட்டை, நரைத்த தாடி, எதற்கும் அசராத முகம். தொலைக்காட்சிக்கு அசல் உள்ளூர்க்காரர் கிடைத்துவிட்டார் என்று அவரைக் கையோடு கூட்டிப்போய் மேடையில் செனட்டருக்குப் பின்வரிசையில் உட்காரவைத்தாள். மூன்று மாதம் உழைத்த ஜோர்ஜெட்டிடம், உள்ளே இடமில்லை அம்மா, உணவுக்கூடத்தில் திரை வைத்திருக்கிறோம் என்றாள்.

உணவுக்கூடத்தில் டோரீன் ஏற்கெனவே இடம்பிடித்து டோனட் தின்றுகொண்டிருந்தாள். திரையில் செனட்டர் பேசினார். அவர் இடது தோளுக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு, எமில். எல்லாருக்கும் கொடுத்த, காரிகன் பெயர் போட்ட அட்டையை அவரைத் தவிர எல்லாரும் ஆட்டினார்கள். அவர் அதை மடித்துப் போட்டு, அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

"பெயர் மேலேயே உட்கார்ந்துட்டாரே," என்றாள் டோரீன்.

ஜோர்ஜெட் செனட்டரின் பேச்சில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கணவனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தபோது அவரும் எழுந்தார், மூக்கைச் சிந்தினார்.

கூட்டம் முடிந்து எமில்தான் வண்டியை வீட்டுக்கு ஓட்டினார். பாதி வழியில் ஜோர்ஜெட்டுக்குத் தாங்கவில்லை.

"அப்படி என்னதான் வேணும் உனக்கு? யாரைத்தான் பிடிக்கும்?"

"காரிகன்தான். அக்டோபர்லயே முடிவு பண்ணிட்டேன்."

ஜோர்ஜெட்டுக்கு வந்த கோபத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பாள். வெளியே பனி கொட்டியது. ஊர் முன்னால் மானம் போயிற்றே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று பொரிந்து தள்ளினாள். எமில் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடிவு பண்ணினவங்க வீட்டுப் படி பிரசாரக்காரங்க நீங்க மறுபடி ஏறமாட்டீங்க. நேரா அடுத்த வீடு. நீதான சொன்ன."

"அது மத்தவங்களுக்கு."

"பசங்க வீட்ட விட்டுப் போனப்புறம் நாம உப்ப எடு, குப்பைய வெளிய வைன்னுதான் பேசிட்டிருந்தோம், ஜோர்ஜெட். இந்த மூணு மாசமாத்தான் நீ என் எதிர்ல உட்கார்ந்து பேசற. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

மனுஷன் இவ்வளவு தனியாக இருந்திருக்கிறார், அதுவும் தன் பக்கத்திலேயே என்று நினைக்க ஜோர்ஜெட்டுக்கு வெட்கமாகவும் இருந்தது. பழைய காதல் வந்ததுபோலவும் இருந்தது.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. டோரீன். என்ன ஆயிற்று, ஆள் வழிக்கு வந்தாரா என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு விசாரித்தாள். ஒரே வார்த்தையில் அவள் வாயை அடைத்திருக்கலாம். ஜோர்ஜெட் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் முடிவு பண்ணலயாம், டோரீன். பொறுப்ப நீயே எடுத்துக்க. செவ்வாய் வரைக்கும் நான் வீட்டுல இந்த ஆளோட உட்கார்ந்து பேசணும்."