மஸ்கட் பிராந்தியத்தில் இருவர்

பல்கலைக்கழகம் தன் முன்னாள் மாணவர்களைத் தேடிப் பிராந்தியம் பிராந்தியமாகப் புறப்பட்டபோது, மஸ்கட்டுக்கு ஒரு பெஞ்சு ஒதுக்கப்பட்டது. நூலகம் சிங்கப்பூருக்குப் போயிற்று. கேண்டீன் துபாய்க்கு. மஸ்கட்டில் இருந்தவர் மாசிலாமணி ஒருவர்தான்.

சனிக்கிழமை காலை பெஞ்சு லிப்டில் வந்தது. கூடவே வருகைப் பதிவேட்டுடன் நல்லபெருமாள் என்ற அலுவலர்.

"எங்க போடட்டும் சார்?"

"ஹால்லயே போடுங்க. எதுக்கு இது?"

"தொடர்பு விட்டுப் போகக் கூடாதுன்னுதான். வாரா வாரம் அட்டென்டன்ஸ் எடுப்போம். உங்க பிராந்தியத்துல ரெண்டு பேரு. முப்பத்தொண்ணு லூர்துசாமி, முப்பத்திரண்டு நீங்க."

"லூர்து செத்துட்டானே."

"அது எங்களுக்குத் தெரியாது சார். ரெக்கார்டுல வந்திருக்காரு."

மாசிலாமணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு காலை, லூர்து விடுதிக்குப் பின்னால் இருந்த கல்குவாரிக்குக் குளிக்கப் போனான். "எனக்கும் ஒரு குரல் குடுத்துருடா" என்றான். மாசிலாமணி குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்றார். வகுப்பில் இருப்பவனை யார் தேடுவார்கள்? மாலையில்தான் தேடினார்கள். கால் பாறையிடுக்கில் சிக்கியிருந்தது. தலை தண்ணீருக்கு மேலே இருந்ததால் மதியம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். வகுப்பு முடிந்துதான் போயிருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். மாசிலாமணியும் சொன்னார்.

"முப்பத்தொண்ணு" என்றார் நல்லபெருமாள்.

ஃபிரிட்ஜ் ஓடி நின்றது. மாசிலாமணியின் தொண்டை தானாகவே குரலை மாற்றிக்கொண்டது. அவர் அதை விழுங்கினார்.

"வரலை சார். அன்னைக்கும் வரலை. நான்தான் குரல் குடுத்தேன்."

நல்லபெருமாள் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம். பரவாயில்ல, மணி பத்தே கால்தான் ஆகுது. மத்தியானம் வரை இருக்கு. போய்ப் பாருங்க. கயிறு பெஞ்சுக்கு அடியில."

கயிறு இருந்தது. கதவுக்கு வெளியே லிப்டு இல்லை. விடுதியின் தாழ்வாரம் இருந்தது. மாசிலாமணி ஓடினார். ஓட ஓடத் தாழ்வாரம் நீண்டது. அதன் முடிவில் குவாரித் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. கரையில் லூர்துவின் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் செருப்பு.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மறுமுனையைக் கட்ட அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் யாரும் இல்லை. ஒரு பாறையிடுக்கு மட்டும் இருந்தது. அவர் கால் அதில் சரியாகப் பொருந்தியது.

வெகு தூரத்தில் நல்லபெருமாள் "முப்பத்திரண்டு" என்று கூப்பிடுவது கேட்டது.

"உள்ளேன் ஐயா" என்றான் லூர்து, குரலைக் கொஞ்சம் மாற்றி.

பதிவேடு மூடும் சத்தம் கேட்டது. மாலை வரை யாரும் வரமாட்டார்கள்.