பூசாமல் விட்ட அடிமரம்

மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். விரலிடுக்கில் மருந்தின் நீலம் அப்படியே இருந்தது. கூடத்தில் கணவனைக் கிடத்தியிருந்தார்கள்.

பதினோரு வருடமாக இருவருக்கும் ஒரே வேலை. எங்கிருந்தோ வந்து அவர்கள் தீவின் மலைப் பள்ளத்தையே விழுங்கிக்கொண்டிருந்த மரங்களை அவன் அறுப்பான். அவள் அடிமரத்தில் வேரைக் கொல்லும் மருந்து பூசுவாள். அறுத்த ஐந்து நிமிடத்துக்குள் பூசியாக வேண்டும். விட்டால் ஒன்றுக்கு இருபதாகத் துளிர்த்து நிற்கும். உச்சியிலிருந்து சுத்தம் செய்துகொண்டே இறங்கி, நேற்று கடைசி மரம். அறுத்து முடித்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "பூசு" என்றான்.

"மரம் கிடக்கட்டும், வாயை மூடுங்க" என்று டப்பாவைப் போட்டுவிட்டு அவனைத் தாங்கினாள். சொன்னபடி மூடிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சைக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

துக்கம் கேட்க வந்த வேலையிடத்து மேஸ்திரியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அடிமரத்துல யாராவது பூசினீங்களா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஆளைத் தூக்கவே ஆறு பேரும் திணறிட்டோம்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தம்பி இங்க கிடக்கான். உனக்கு மரம் பெருசாப் போச்சா?"

"அவரு கடைசியாச் சொன்னது அதுதான் அண்ணி."



அடக்கம் முடிந்த மறுநாள் காலை அவள் ரம்பத்தை எடுத்தபோது, நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் மருந்து டப்பா. இருவரும் பள்ளத்தில் இறங்கினார்கள்.

காய்ந்த வெட்டில் மருந்து ஏறாது. மேலே ஒரு வில்லை புதிதாக அறுக்க வேண்டும். அவளுக்கோ பூசித்தான் பழக்கம். ரம்பம் சிக்கிச் சிக்கி நின்றது, தோள் கடுத்தது. அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷன் வேலையை இப்படிப் பாதியில் போட்டுவிட்டா போவான்? அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

வில்லை கழன்று விழுந்தது. அவன் செய்வதுபோலவே ரம்பத்தோடு ஓரமாக ஒதுங்கி, பூசுகிறவளுக்கு இடம் விட்டு நின்றாள். அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

நாத்தனார் டப்பாவைத் திறந்தாள். "நடுவுல பூசணுமா, ஓரத்துலயா?"

"ஓரத்துல அண்ணி. பட்டையை ஒட்டி, சுத்தி வர."

நாத்தனார் மண்டியிட்டுப் பூசினாள். ஒரு சுற்று முடிந்தது. போதும் என்று இவள் சொல்லவில்லை. நாத்தனார் பிரஷ்ஷை மறுபடியும் மருந்தில் தோய்த்தாள்.